ஒரு இணுக்குப் பவளம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: அரிய பவளம், விலை உயர்ந்த பவளம். மீனைப் பற்றி இரண்டே கடிதம்தான். அவற்றை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். நான் பத்தொன்பது வருடமாக வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இப்போது இருப்பது 400 லிட்டர். அதில் நான் விலை கொடுத்து வாங்கியதைவிட, மற்றவர்கள் கொடுத்த பவளங்களே அதிகம்.

கேள்வி: தொட்டி வைத்து எட்டு மாதம் ஆகிறது. 'வால்ட் டிஸ்னி' என்று பெயர் சொல்லி, அக்ரோபோரா என்ற கிளை விடும் கல் பவளத்தின் ஒரு துண்டு விற்பனைக்கு வந்திருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவுதான். விலையோ என் அரை மாதச் சம்பளம். கடன் வாங்காமல் வாங்க முடியும். வாங்கலாமா? நகம் அளவுப் பவளத்துக்கு ஏன் இவ்வளவு விலை?

இப்போது வேண்டாம். ஆறு மாதம் கழித்து நானே 'வாங்குங்கள்' என்று சொல்லக்கூடும்.

முதலில் விலையைப் பார்ப்போம். அது அக்ரோபோரா டெனுயிஸ் என்று அழைக்கப்படும் வகை. கடலில் அந்த வகை அபூர்வம் கிடையாது. அபூர்வமாக இருப்பது அந்த ஒரு கொத்தின் நிறம்: மஞ்சள் கலந்த பச்சை உடம்பில் பல நிற மொட்டுகள். பவளம் வெட்டினால் வளரும் உயிர். முருங்கைப் போத்தை ஒடித்து நட்டால் அதே மரம் வருவதுபோல, ஒரு கிளையை நறுக்கி ஒட்டினால் மரபணு மாறாமல் அதே பவளம் வரும். அந்தப் பெயர் உண்மையாக இருக்கும் பட்சத்தில், எத்தனை வீடுகளில் அது இருந்தாலும் அத்தனையும் ஒரே தாயின் உடம்புதான். முதலில் கண்டெடுத்தவர் ஒரு பெயர் வைக்கிறார். அவர் கையில் நாலு துண்டு இருக்கும், கேட்பவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். விலை ஏறுகிறது. அந்த நாலும் வளர்ந்து நாற்பதாகும்போது இறங்குகிறது. ஏக்கன் என்று நாங்கள் அழைக்கும் மைக்ரோமூசா பவளத்தில் இதை நேரில் பார்த்தேன். ஒரு காலத்தில் ஒரு 'கண்' இவ்வளவு என்று எண்ணி விற்றார்கள். பிறகு அதே நிறங்கள் உள்ளங்கை அகலத்தில் சாதாரணமாகக் கிடைத்தன. அதனால் காத்திருப்பதில் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

இன்னொன்று: பெயருக்குக் காவல் கிடையாது. கொஞ்சம் சாயல் இருந்தாலே அந்தப் பெயரை ஒட்டி விற்பவர்கள் உண்டு. யாரிடமிருந்து வாங்கினார், தாய்க் கொத்து இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். தாயைக் காட்ட முடியாதவரிடம் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

அப்புறம் உங்கள் தொட்டி. என்னுடைய முதல் விலை உயர்ந்த அக்ரோபோரா ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தது. தொட்டிக்கு வேண்டிய கரைசலை அளந்து விடும் டோசிங் பம்பின் குழாயை மாற்றினேன். புதுக் குழாய் எத்தனை மில்லி விடுகிறது என்று மறுபடி அளந்து பார்க்கவில்லை. ஆல்கலினிட்டி (பவளம் எலும்பு கட்ட எடுத்துக்கொள்ளும் கார்பனேட்டின் அளவு, அதன் அலகு டி.கே.எச்.) 7.8 டி.கே.எச்.-லிருந்து இரண்டே நாளில் 11-க்குப் போய்விட்டது. காலையில் பார்த்தபோது அடிப்பக்கம் தசை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. மாலைக்குள் நுனிவரை உரிந்துவிட்டது. கண்ணெதிரில் அது நடக்கும்போது செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. நல்லபடி இருக்கும் நுனியை வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அன்றைக்கு அதுகூட எனக்குத் தெரியாது.

ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். அறுபது நாள், தினமும் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டி பார்த்து எழுதுங்கள். 7.5 ஆனாலும் சரி, 9 ஆனாலும் சரி, எந்த எண்ணில் நிற்கிறது என்பதைவிட அது அசையாமல் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரு நாளில் அரை டி.கே.எச்.-க்கு மேல் ஆடக்கூடாது. கால்சியம் 400-லிருந்து 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1,300 பிபிஎம் பக்கத்தில், உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 பங்கு. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் சுத்தமாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். பூஜ்யம் தொட்ட தொட்டிகளில் பவளம் வெளிறுவதையும், டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்பு நிறச் சளி படர்வதையும் நிறையப் பார்த்துவிட்டேன்.

இடையில் ஒரு சாதாரணப் பச்சை அக்ரோபோரா துண்டை வாங்கி வையுங்கள். அடியில் பசையின் மேல் தசை படர்ந்து, நுனியில் புதுசாக வெளிர் நிற மொட்டு வந்தால் தொட்டி தயார். அந்தப் பச்சைத் துண்டு சும்மா நின்றால், விலை உயர்ந்ததும் அங்கே சும்மாதான் நிற்கும்.

கேள்வி: படத்தில் நெருப்பு மாதிரி இருந்த பவளம், வீட்டுக்கு வந்ததும் பழுப்பாகிவிட்டது. ஏமாந்துவிட்டேனா?

பாதி ஏமாற்றம், பாதி இயற்கை.

இந்தப் படங்களில் பெரும்பாலானவை வெறும் நீல விளக்கின் கீழ் எடுக்கப்படுகின்றன. பவளத்தின் தசையில் ஒளிரும் புரதங்கள் இருக்கின்றன. அவை நீல ஒளியை வாங்கிக்கொண்டு பச்சையாகவும் ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் திருப்பித் தருகின்றன. கேமராவின் மேல் ஆரஞ்சு வடிகட்டி போட்டால் நீலம் மறைந்து அந்த ஒளிர்வு மட்டும் தெரியும். அதுவும் அந்தப் பவளத்தின் நிறம்தான், பொய் இல்லை. ஆனால் உங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது அந்த நிறம் தெரியாது. வாங்குமுன் வெள்ளை வெளிச்சத்தில், வடிகட்டி இல்லாமல், தண்ணீருக்குள் வைத்து எடுத்த ஒரு படம் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் தயங்காமல் அனுப்புவார்.

இந்த ஒளிரும் புரதங்களைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. 1962-ல் ஒசாமு ஷிமோமுரா ஒரு ஜெல்லி மீனிலிருந்து பச்சைப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். பின்னால் உயிரணுவுக்குள் நடப்பதைப் பார்ப்பதற்கு அது விளக்காகப் பயன்பட்டு, 2008-ல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சிவப்புப் புரதம் எங்கே கிடைத்தது தெரியுமா? டிஸ்கோசோமா என்ற, காளான் வடிவில் இருக்கும் காளான் பவளத்தில். 1999-ல் ரஷ்ய விஞ்ஞானிகள் அதை வெளியிட்டார்கள். நம் தொட்டிகளில் ஆரம்பக்காரர்கள் வைக்கும், யாரும் திரும்பிப் பார்க்காத அதே டிஸ்கோசோமாதான்.

இனி பழுப்பு. பவளத்தின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவற்றின் நிறம் பழுப்பு. பயணத்தில் இருட்டு, வந்த இடத்தில் வெளிச்சம் குறைவு அல்லது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடுதல் என்றால் பாசி பெருகி மேல்நிறத்தை மூடிவிடும். உங்கள் பவளம் சாகவில்லை. இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். பவளத்துக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பார் மீட்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி அந்த இடத்தில் வெளிச்சம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். அக்ரோபோராவுக்கு 200-லிருந்து 350 வரை வேண்டும். உங்கள் இடத்தில் 100-தான் இருக்கிறது என்றால், மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் மேலே ஏற்றினால் பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடும். நிறம் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகலாம். என்னிடம் ஒன்று ஏழு மாதம் பழுப்பாக இருந்துவிட்டு, பிறகு ஊதாவுக்குத் திரும்பியது.

கேள்வி: புதிதாக வாங்கிய அக்ரோபோராவை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் தொட்டியில் விட்டேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பழைய அக்ரோபோராக்களில்கூட வெள்ளைப் புள்ளிகள். என்ன தவறு?

தட்டைப்புழுவாக இருக்கும். அக்ரோபோராவை மட்டும் தின்னும் ஒரு புழு உண்டு. அது பவளத்தின் நிறத்தோடு நிறமாக ஒட்டிக்கொண்டிருக்கும். நேராகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அது கடித்த இடம்தான் வெளிர்ந்த வட்டமாகத் தெரிகிறது. ஒரு பைப்பட்டால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய செதில்போல ஏதோ உருண்டு விழும். அதுதான்.

நீங்கள் முக்கியது சரி. ஆனால் மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டைகள் அடிப்பக்கத்து வெற்று எலும்பில் பழுப்புத் தகடாக ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் பொரியும். ஒரு முறை முக்கியதோடு நிறுத்தினால், பொரித்து வரும் குஞ்சுகளுக்கு உங்கள் தொட்டி முழுக்கச் சாப்பாடு.

இனிமேல் எதை வாங்கினாலும், முதலில் அது ஒட்டி வந்த அடிக்கட்டையை வெட்டிப் போட்டுவிட்டுப் புதுக் கட்டையில் ஒட்டுங்கள். முட்டைகளில் பெரும்பாதி அதிலேயே போய்விடும். பிறகு தனியாக ஒரு சின்னத் தொட்டி: நாற்பது லிட்டர் போதும், ஒரு ஹீட்டர், ஒரு சின்ன அலை பம்ப், ஒரு விளக்கு. அதில் குறைந்தது ஆறு வாரம் இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு முறை முக்கி, வெள்ளைக் கிண்ணத்தில் என்ன விழுகிறது என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். இந்தச் சின்னத் தொட்டியை வாங்கத் தயங்குகிறவர்கள்தான் அதைவிடப் பத்து மடங்கு விலையுள்ள பவளத்தை இழந்துவிட்டு எனக்கு எழுதுகிறார்கள். படிக்கும்போதே வருத்தமாக இருக்கிறது.

இப்போது உள்ளே வந்துவிட்ட புழுவுக்கு வழி கடினமானது. ஒட்டியிருக்கும் அக்ரோபோராக்கள் எல்லாவற்றையும் எடுத்து, வாரம் ஒரு முறை முக்கி, ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும். எடுக்க முடியாத பெரிய கொத்து இருந்தால் நுனிக் கிளைகளைக் காப்பாற்றிக்கொண்டு அடியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். செய்து முடித்தவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு முறை செய்திருக்கிறேன்.

கேள்வி: அரிய பவளம் என்று நாம் வாங்குவதால் கடல் காலியாகிறதா? இந்தக் குற்ற உணர்ச்சியோடு தொட்டியைப் பார்க்க முடியவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் இல்லை.

கல் பவளங்கள் அனைத்தும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. நாடு விட்டு நாடு போக ஏற்றுமதி அனுமதிச் சீட்டு வேண்டும். காளான் பவளங்களும், பொத்தான் போலக் கொத்தாக வளரும் சோவாந்தஸ் மொட்டுகளும் அந்தப் பட்டியலில் வராது. இதற்கு மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம் உண்டு. சில இடங்களில் கடல் பவளத்தைத் தொடுவதே குற்றம், வீட்டில் வைப்பதும் குற்றம். நீங்கள் வாழும் இடத்தில் சட்டம் என்ன என்று பார்த்துவிட்டுத்தான் முதல் துண்டையே வாங்க வேண்டும். கரையில் கிடந்தது, அலையில் வந்தது என்று கையில் எடுத்துவருவது கூடவே கூடாது.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இது எங்கே வளர்ந்தது? மூன்று பதில் வரலாம். கடலிலிருந்து அப்படியே எடுத்தது. கடலில் கட்டைகளில் நட்டு வளர்த்தது. தொட்டியிலேயே வெட்டி வளர்த்தது. மூன்றாவதைத் தேடுங்கள். மனசாட்சிக்காக மட்டும் சொல்லவில்லை. தொட்டியில் நாலைந்து தலைமுறை வளர்ந்த துண்டு, தொட்டித் தண்ணீருக்கும் விளக்குக்கும் ஏற்கெனவே பழகியிருக்கும், சாவதும் குறைவு.

ஃபிஜி 2017 கடைசியில் பவள ஏற்றுமதியை நிறுத்தியது. 2018-ல் இந்தோனேசியாவும் நிறுத்தியது. பிறகு வளர்ப்புப் பவளத்துக்கு மட்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில், நீண்ட விரல்கள் அசையும் டார்ச் என்ற கல் பவளங்களின் விலை எகிறியதை இந்தப் பொழுதுபோக்கில் இருந்த எல்லோரும் பார்த்தோம். எனக்கு அப்போது உறைத்தது இதுதான்: இத்தனை வருடம் இத்தனை பேர் டார்ச் வளர்த்தும், கடல் கதவை மூடிய உடனே தட்டுப்பாடு வந்தால், நாம் வாங்கியதை வளர்த்துப் பெருக்கவே இல்லை என்று அர்த்தம். அக்ரோபோராவை வெட்டிப் பகிர்ந்த அளவுக்கு டார்ச்சைப் பகிரவில்லை.

உண்மையிலேயே யோசிக்க வேண்டிய வகையும் இருக்கிறது. ஸ்கோலி என்று அழைக்கப்படும் ஹோமோஃபில்லியா, தட்டு மாதிரி ஒற்றை வாயோடு இருக்கும், மெதுவாக வளரும் பவளம். சிவப்பும் பச்சையும் கலந்து தீட்டியது போன்ற ஒன்றுக்கு ஆளாளுக்குப் போட்டி போடுவார்கள். அதைக் கிளை ஒடித்துப் பெருக்க முடியாது. விற்பனைக்கு வருவதில் பெரும்பாலானவை கடலிலிருந்து எடுத்தவை. என்னிடம் ஒன்று இருக்கிறது, பதிமூன்று வருடமாக. இரண்டாவது வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். இது என் முடிவு. உங்கள் முடிவு வேறாக இருந்தாலும், அதைச் சாகவிடாமல் வைத்திருக்க முடியும் என்ற உறுதி வந்த பிறகு வாங்குங்கள்.

கேள்வி: அக்கா, நான் கல்லூரி மாணவன். 60 லிட்டர் தொட்டிதான். கையில் காசு குறைவு. அரிய பவளம் என்று ஒன்றாவது வைக்க ஆசை. எனக்கு எது சரிவரும்?

தம்பி, சோவாந்தஸ் வையுங்கள். ஒரே ஒரு மொட்டு வாங்கினால் போதும். 'அட்டர் கேயாஸ்', 'ராஸ்டா' என்று பெயர் வைத்த நிறங்கள் உண்டு. வெளிச்சம் 100 இருந்தாலே வளரும். ஒன்று ஒரு வருடத்தில் எட்டுப் பத்து ஆகும். அந்தப் பத்தில் மூன்றைக் கொடுத்து இன்னொரு நிறத்தின் ஒரு மொட்டை மாற்றி வாங்கலாம். பணமே இல்லாமல் இப்படி இருபது நிறம் சேர்த்த பையன் ஒருவனை எனக்குத் தெரியும். பவுன்ஸ் காளான் என்று கொப்புளம் கொப்புளமாக இருக்கும் ரோடாக்டிஸ் இன்னும் அழகு, ஆனால் விலை அதிகம். அதை வெட்டினால் கொப்புளம் மறைந்து, திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். சில சமயம் வராமலும் போகும். அது பிறகு.

60 லிட்டரில் உங்கள் பெரிய எதிரி ஆவியாகும் தண்ணீர். தினமும் நன்னீரை ஊற்றி மட்டத்தைச் சரி செய்யுங்கள். உப்புநீர் ஊற்றக்கூடாது, ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது. இரண்டு நாள் மறந்தால் சின்னத் தொட்டியில் உப்பு ஏறிவிடும்.

அடுத்தது கட்டாயம் படிக்க வேண்டியது. சோவாந்தஸுக்கு நெருங்கிய உறவான பாலிதோவாவில் பாலிடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கலாம். ஹவாய்த் தீவு மக்கள் ஹானா என்ற ஊரின் பெயரால் 'ஹானாவின் கொலைகாரப் பாசி' என்று அஞ்சிய உயிரிலிருந்து 1971-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள். புரதம் அல்லாத நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று. எது சோவாந்தஸ், எது பாலிதோவா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல எப்போதும் முடியாது. எனவே இரண்டையும் ஒன்றாகவே நடத்துங்கள். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கையில் கீறல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். வெட்டிய தண்ணீரைக் கண்ணில் தெறிக்க விடாதீர்கள். அந்தக் கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றாதீர்கள், கொதிக்க வைக்காதீர்கள், காயவைத்துச் சுரண்டாதீர்கள். சூட்டில் நஞ்சு அழியாது, ஆவியோடு வந்து வீட்டில் இருக்கும் எல்லோரையும் படுக்க வைத்துவிடும். அப்படி ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. அம்மா அப்பாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: பவளத்தை முதலீடாக வாங்கி வைத்தால் லாபம் வருமா?

வராது. முதல் பதிலில் சொன்னேன், வளர்ந்தால் விலை இறங்கும், வளராவிட்டால் செத்திருக்கும். உப்புக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவில் கொஞ்சம் திரும்பி வந்தால் அது நல்ல வருடம்.

கேள்வி: என் கணவர் அடிக்கடி வெளியூர் போவார். அவர் பவளங்களின் விலை தெரிந்ததிலிருந்து தொட்டிப் பக்கம் போகவே எனக்குப் பயம். அவர் இல்லாதபோது மின்சாரம் போனால் நான் என்ன செய்வது?

பயப்படாதீர்கள் அம்மா, நீங்கள் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். மின்சாரம் போனால் எல்லோரும் சூட்டைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். முதலில் தீருவது பிராணவாயு. தண்ணீர் அசையாமல் நின்றால் மீனும் பவளமும் மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கித் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். கரண்ட் போனதும் அதன் குழாயை உள்ளே போட்டு ஓட விடுங்கள். அது இல்லை என்றால், சுத்தமான ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரையே மொண்டு கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றுங்கள், கால் மணிக்கு ஒரு முறை பத்துப் பன்னிரண்டு குவளை. மீனுக்குத் தீனி போட வேண்டாம். விளக்கு இல்லாததைப் பற்றிக் கவலையே வேண்டாம். பவளம் ஒரு நாள் இருட்டில் இருந்தால் ஒன்றும் ஆகாது.

மின்சாரம் வந்ததும் எல்லாப் பம்பும் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒன்று முரண்டு பிடித்தால் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை: எந்தச் சுவிட்ச் எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்கிறாள்: பவளம் முட்டை போடுமா? வெட்டினால்தான் வளருமா?

போடும், கண்ணு. கடலில் அக்ரோபோராக்கள் வருடத்தில் குறிப்பிட்ட சில இரவுகளில், முழுநிலவை ஒட்டி, முட்டையும் விந்தும் சேர்ந்த இளஞ்சிவப்பு உருண்டைகளை ஒன்றாக வெளிவிடும். மேலே மேலே மிதந்து போவது மழை தலைகீழாகப் பெய்வது போல இருக்கும். லண்டனில் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில், கடலின் வெப்பநிலையையும் நிலவின் வெளிச்சத்தையும் தொட்டிக்குள்ளேயே மாதம் தவறாமல் போலி செய்து, 2013-ல் பவளங்களை முட்டை விட வைத்தார்கள். அதே வழியில் 2019-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா அக்வேரியத்தில், அழியும் நிலையில் இருந்த தூண் பவளமும் முட்டை விட்டது. வெட்டி வளர்த்தால் அதே பவளம் வரும். முட்டையிலிருந்து வருவதுதான் புதுப் பவளம், புது நிறம்.

கேள்வி: ஆறு வருடம் கஷ்டப்பட்டு வளர்த்த நீல அக்ரோபோரா. எங்கள் வட்டாரத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நண்பர் ஒரு துண்டு கேட்கிறார். கொடுத்தால் அது அரியது என்ற பெயர் போய்விடும். கொடுக்க மனமில்லை, மறுக்கவும் முடியவில்லை.

கொடுங்கள். உங்களுக்காகவே கொடுங்கள்.

என்னிடமும் ஒரு நீலம் இருந்தது. பதினொரு வருடம். கை விரித்தால் அடங்காத கொத்து, அடியில் பச்சை, நுனியில் ஆழ்ந்த நீலம். ஒரு இரவு ஹீட்டர் அணையாமல் சிக்கிக்கொண்டது. காலையில் தண்ணீர் 33 டிகிரி. கொத்து முழுவதும் வெளுத்து, மூன்றாம் நாள் தசை கயிறு கயிறாகத் தொங்கியது. அதை எடுத்து வாளியில் போட்டது இன்னும் கையில் கனக்கிறது. அதற்கு நாலு வருடம் முன்னால் தோழி ஒருத்தி கெஞ்சிக் கேட்டாள் என்று, அரை மனதோடு ஒரு இணுக்கு ஒடித்துக் கொடுத்திருந்தேன். செய்தி கேட்டு அவள் வந்தாள். கையில் ஒரு டப்பா. உள்ளே என் நீலம், இரண்டு விரல் உயரத்துக்கு. இன்று என் தொட்டியில் இருப்பது அதுதான். அதன் பிறகு வேறு வேறு வெப்பநிலைக் கன்ட்ரோலரில் பாதி வாட்டுள்ள இரண்டு ஹீட்டர் வைத்திருக்கிறேன். ஆனால் பவளத்தைத் திருப்பித் தந்தது கன்ட்ரோலர் இல்லை.

1980-களில் பெர்லினில் டீட்ரிக் ஸ்டூபர் என்பவர் வீட்டுத் தொட்டியில் அக்ரோபோரா வளர்த்தார். அப்போது அக்ரோபோராவை வீட்டில் உயிரோடு வைப்பதே நடக்காத காரியமாக இருந்தது. அவர் அதை ஒடித்து ஒடித்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். அந்தத் துண்டுகள் கைமாறிக் கைமாறி நாடு தாண்டிப் போயின. அந்தப் பவளத்தையே 'ஸ்டூபர் அக்ரோபோரா' என்று அழைத்தார்கள். அன்றைக்கு அதைவிட அரிய பவளம் எந்த வீட்டிலும் இல்லை. அவர் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

எப்படி ஒடிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பக்கவாட்டில் வளர்ந்து பக்கத்துப் பவளத்துக்கு நிழல் போடும் கிளையைத் தேர்ந்தெடுங்கள், உச்சிக் கிளையைத் தொடாதீர்கள். எலும்பு வெட்டும் இடுக்கியால், தயங்காமல், ஒரே அழுத்தில். மூன்று சென்டிமீட்டர் நீளம் இருந்தால் நல்லது. வெட்டிய முனையைத் துணியால் ஒற்றிவிட்டு, சயனோஅக்ரிலேட் ஜெல் பசையில் கட்டையில் நிறுத்துங்கள். தாய்க் கொத்தின் வெட்டுக் காயம் ஓரிரு வாரத்தில் மூடிக்கொள்ளும். இணுக்கை உடனே கொடுத்துவிடாதீர்கள். மூன்று நான்கு வாரம் உங்கள் தொட்டியிலேயே, தாய் நின்ற அதே வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் குறைவான இடத்தில் இருக்கட்டும். பசையின் மேல் தசை படர ஆரம்பித்ததும் நண்பரைக் கூப்பிடுங்கள். அவருடைய ஆல்கலினிட்டி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.